எட்டு வரை

புந்தா அரேனாஸில் காற்றுக்கு முறை கிடையாது.
என் மகளுக்கு உண்டு.
இரவு எட்டரை. ரொட்டி தின்று, தட்டுக் கழுவி,
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை மாட்டிய பிறகுதான்
அந்த வேலை.
காலுறை ஈரமென்றால் அந்த வேலையும் இல்லை.

மிலாராய்க்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை.
மருத்துவர் தந்த தாளில்
அவள் பெயரைவிட நீளமாக ஒரு பெயர் இருக்கிறது;
மடித்து ஃப்ரிட்ஜின் மேல் போட்டிருக்கிறேன்.
ஃப்ரிட்ஜின் கதவில், அவள் கண் உயரத்தில்,
ஐந்து புகைப்படங்கள்.

முன்பெல்லாம் துண்டில் சுருட்டுவோம்.
நான் தோளைப் பிடிக்க, இவோன் தாடையைப் பிடிப்பாள்.
நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் சுத்தம்.
இரண்டு நிமிட மணல் கடிகாரம் ஒன்று, பச்சை மணல்;
அது பாதி இறங்குமுன்
பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது
நாங்கள்தான் என்று நினைத்திருந்தேன்.

பல் மருத்துவமனையின் உதவியாளர் யாஸ்னா மாருசிச்
அவளை நாற்காலியில் ஏற்றவே இல்லை.
தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து என்னைக் கேட்டாள்:
"உங்கள் குளியலறையில் என்ன சத்தம்?"
ஒன்றுமில்லை என்றேன்.
அன்றிரவு தனியே நின்று காது கொடுத்தேன்.
குழல்விளக்கு ரீங்கரித்துக்கொண்டிருந்தது.
பதினோரு வருடமாக.
துறைமுகத்தில் குளிர்பெட்டகம் பழுது பார்ப்பவன் நான்;
மோட்டார் முனகினால் எந்த போல்ட் என்று சொல்வேன்.

குளியலறையை விட்டோம்.
இப்போது சமையலறை, கணப்படுப்பின் பக்கம்.
புதினா அவள் நாக்கில் நெருப்பு;
மணமில்லாத பசை, அதுவும் ஒரு பூச்சுதான்.
முதல் வாரம் பிரஷ் வாய்க்கே போகவில்லை.
முழங்கை. பிறகு கழுத்து. கன்னம்.
ஒருநாள் உதட்டில் தொட்டுவிட்டு
அதோடு கடையைக் கட்டினோம்.
விரல் முழுக்க மூடாதவளுக்காக
பழைய சைக்கிளின் கைப்பிடி ரப்பரை வெட்டி
பிரஷ் காம்பில் செருகினேன்.
அவள் பாதி தேய்ப்பாள், மீதி நான்,
பின்னால் உட்கார்ந்து, அவள் தலை என் மார்பில்.
முகத்துக்கு நேரே வருகிற எந்தக் கையையும்
அவள் நம்புவதில்லை.
அதைக் கற்றுக்கொடுத்தது யாரென்று எனக்குத் தெரியும்.

எட்டு வரை எண்ணுவேன். எட்டில் நிறுத்துவேன்.
ஒருதரம் ஒன்பதுக்கு ஆசைப்பட்டேன்:
மூன்று வாரம் பின்னால் போனோம்.

ஐந்தாவது படம் பிரஷ் அல்ல, ஜன்னல்.
முடிந்ததும் திரையை விலக்குவோம்;
நீரிணையில் போர்வெனீர் படகின் விளக்கு.
அக்கரையில், நண்டுத் தொழிற்சாலையில், அவள் அம்மா.
வெள்ளிதோறும் அந்தப் படகில் வருவாள்.
மற்ற நாளில் விளக்கு வெறும் விளக்கு.
மிலாராய்க்கு அதுவும் போதும்.

ஜூலையில் ஒரு செவ்வாய், காற்று மின்கம்பியை அறுத்தது.
இருட்டில் படங்கள் தெரியவில்லை. முறை போச்சு,
இனி அலறல்தான் என்று காத்திருந்தேன்.
அவள் என் வேலைப்பையைத் துழாவினாள்.
நெற்றிவிளக்கை எடுத்துத்
தன் நெற்றியில் கோணலாக மாட்டிக்கொண்டாள்.
பிறகு பிரஷ்ஷை, அவளுடையதை அல்ல, என்னுடையதை,
என் வாய்க்குள் நுழைத்தாள்.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது.
கடைவாயில் இடித்தது. குமட்டியது.
இன்னொருவர் கை எப்போது நிற்குமென்று
எனக்குத் தெரியவில்லை;
அவளுக்கு எண்ணத் தெரியுமா, அதுவும் தெரியாது.
நாற்காலி விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.
ஆறு. ஏழு.

எட்டில் எடுத்துவிட்டாள்.

ஊர் முழுக்க இருட்டு, படகில் மட்டும் விளக்கு.
மின்சாரம் வரும்வரை ஜன்னலோரம் நின்றோம்.

இடப்பக்கக் கடைசிப் பல் இன்னும் எட்டவில்லை.
நவம்பரில் பார்க்கலாம் என்கிறாள் யாஸ்னா.
இவோனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.
வெள்ளி இரவு எட்டரைக்கு
அவளும் ஒருதரம் வாயைத் திறந்து உட்காரட்டும்.